ஏரிக்கரையில் மருத்துவக் கழிவு: யாரிடம் மனு கொடுப்பது?

வணக்கம். எங்கள் ஊர் ஏரிக்கரையில் ராத்திரியில் டிப்பர் லாரி வந்து குப்பை கொட்டிவிட்டுப் போகிறது. முதலில் கோழி இறகும் இடித்த செங்கலும்தான். இப்போது ஊசியும் மருந்துக் குப்பியும் கிடக்கின்றன. ஆடு மேய்கிற இடம் அது. ஊராட்சியில் கேட்டால் ஏரி நீர்வளத் துறையுடையது என்கிறார்கள். அங்கே போனால் குப்பை ஊராட்சியின் பொறுப்பு என்கிறார்கள்.

2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து கொண்டுவந்து நெல்லை நடுக்கல்லூர் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் கேரளமே லாரிகளில் திருப்பி எடுத்துப்போனது. அதனால் வழி இருக்கிறது என்று நம்புகிறேன்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நேராக எழுதலாமா, முதலில் கலெக்டரிடம் மனுவா? லாரி நம்பரோடு போட்டோ இருக்கிறது. உங்கள் ஊரில் வண்டியைப் பறிமுதல் செய்ய வைத்தவர்கள் இருந்தால், புகாரை எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். மழைக்கு முன்னால் அள்ளியாக வேண்டும்.