ஜூன் கடைசியில் பேர்டூத் கணவாய்: பனிச்சறுக்கு + கூடாரம்

கேள்வி: அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்து ரெட் லாட்ஜ் ஊர் வழியா நானும் மச்சானும் பேர்டூத் கணவாய்க்குப் போறோம். பகல்ல சறுக்கு, ராத்திரி உச்சியிலேயே கூடாரம். சரிவருமா?

பதில் 1: உச்சி 3,337 மீட்டர். மரமே கிடையாது. அங்க ஒரு ராத்திரி முழுக்கக் கூடாரக் கம்பைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன், தூக்கமா அது! கீழே ராக் கிரீக் ஓடை ஓரமாத் தங்குங்க. நீங்க சறுக்கப்போற கார்ட்னர் சரிவுல, ரோட்டுக்குக் கீழே, பனி விடியக்காலைல கல்லு மாதிரி இருக்கும். வெயில் ஏறினதும் இளகும், மத்தியானம் கூழ்தான். இறங்குறது சில நிமிஷம். திரும்ப ரோட்டுக்கு ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். இடி கேட்டா உடனே காருக்குள்ள போயிடுங்க.

பதில் 2: கீழே ஓடை ஓரம் கரடி நடமாடுற காடு. சாப்பாடு, பற்பசைன்னு வாசனை வர்றது எதுவும் கூடாரத்துல வேணாம், காருக்குள்ள வைங்க. ஜூன்லயும் பனி கொட்டினா ரோட்டை மூடிடுவாங்க, திறந்திருக்கான்னு கிளம்புமுன் பாருங்க.

கேட்டவர்: இட்லிப்பொடியுமா காருக்குள்ள?

பதில் 2: முதல்ல அதைத்தான்!