சுப்ரதோ கோப்பை: யார் இந்த சுப்ரதோ?

கோவில்பட்டி அப்பா:
பையன் ஒன்பதாவது. பள்ளி டீம் சுப்ரதோ கோப்பைக்கு மாவட்ட மேட்ச் ஆடுது. "யாருப்பா அவரு, பந்தாட்டக்காரரா?"ன்னு கேக்குறான். தேடினா ஏர் மார்ஷல்னு வருது. விமானப்படைக்காரர் பேருல எதுக்குக் கால்பந்து?

பழைய பிட்டர்:
தம்பி, நான் விமானப்படையில இருபது வருஷம் ஏர்ஃபிரேம் வேலை, அதாவது விமானத்தோட உடல் பகுதி வேலை பார்த்தவன். அவர் சுப்ரதோ முகர்ஜி, 1911ல கல்கத்தாவுல பிறந்தவர். இங்கிலாந்துல கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில படிச்சு 1932ல அதிகாரி ஆனார். அடுத்த வருஷம் ஏப்ரல் 1, கராச்சி ட்ரிக் ரோட்ல நம்ம விமானப்படையோட முதல் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு, ஆரம்பம். மொத்தமே நாலு வாபிட்டி விமானம். ரெண்டடுக்கு இறக்கை, மூடியில்லாத காக்பிட். 1939ல அந்த ஸ்குவாட்ரனுக்கே இவர் தலைவர். ஸ்குவாட்ரனை நடத்தின முதல் இந்தியர் இவர்தான்.

எனக்குப் பிடிச்சது 1940 ஆகஸ்ட் சங்கதி. வடமேற்கு எல்லையில ஒரு ராணுவக் காவல் சாவடியைப் பழங்குடிக்காரங்க சூழ்ந்துக்கிட்டாங்க. உள்ளே இருந்தவங்ககிட்ட தோட்டா தீர்ற நிலைமை. மேலே வாபிட்டியில வந்த முகர்ஜியும் கன்னரும் (விமானத்துல துப்பாக்கி இயக்குறவர்) என்ன பண்ணாங்க தெரியுமா? தங்களோட துப்பாக்கித் தோட்டாவையே கழட்டி, காலுறையில திணிச்சுக் கீழே போட்டாங்க! நாங்கல்லாம் ஒரு தோட்டா கணக்குல இடிச்சாலும் விடிய விடிய எண்ணுவோம். இதை எந்தப் பதிவேட்டுல எப்படி எழுதியிருப்பாங்களோ.

நெல்லை வாத்தியார்:
சுதந்திரம் வந்ததும் இவர்தானே விமானப்படைத் தளபதி?

பழைய பிட்டர்:
அதான் இல்லை சார். 1947க்கு அப்புறமும் வரிசையா மூணு வெள்ளைக்காரங்க. இவர் கைக்கு வந்தது 1954 ஏப்ரல் 1ல, ஸ்குவாட்ரன் பிறந்த அதே தேதி. ஹன்டர், கான்பெரா, நேட்னு ஜெட் விமானங்கள் எல்லாம் இவர் காலத்துல வந்ததுதான். வாபிட்டியில ஆரம்பிச்ச மனுஷன் ஜெட் படையை விட்டுட்டுப் போனார்.

கோப்பை விஷயத்துக்கு வர்றேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு தேசிய அளவுல கால்பந்துப் போட்டி வேணும்ங்கிறது அவர் யோசனை. தொடங்கினது 1960. அதே வருஷம் நவம்பர் 8, டோக்கியோவுல சாப்பிடும்போது ஒரு துண்டு மூச்சுக்குழாயில சிக்கி இறந்துட்டார். 49 வயசு, அப்பவும் அவர்தான் தளபதி.

கோவில்பட்டி அப்பா:
ரொம்ப நன்றி அண்ணே. பையன்கிட்ட சொன்னேன். கராச்சி, டோக்கியோ எதுவும் மண்டையில ஏறலை. முழங்கால் வரைக்கும் சாக்ஸை இழுத்துவிட்டு, "இதுல எத்தனை தோட்டா பிடிக்கும்?"ங்கிறான்.