டீகப்ளிங்: 'பூட்டவிழ்வு' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பொருளாதாரம் வளரும்போது எரிபொருள் செலவும் காற்று மாசும் கூடவே அதே வேகத்தில் வளராமல் போவதைத்தான் ஆங்கிலத்தில் டீகப்ளிங் (decoupling) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த சொற்களில் 'இணைப்புத் துண்டிப்பு' எனக்கு ஒட்டவில்லை. கரண்ட் பில் கட்டாத வீட்டுக்கு வருவது அது, படித்தவுடன் அதுதான் நினைவுக்கு வரும். 'விலக்கம்' வேண்டாம், புள்ளியியலில் திட்ட விலக்கம் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. 'தொடர்பறுத்தல்' பரவாயில்லை, ஆனால் அறுத்தது அறுத்ததுதானே. இங்கே பிரிந்த இரண்டும் சில ஆண்டுகளில் மறுபடி சேர்ந்து ஓடுவதுண்டு.

நான் முன்வைப்பது பூட்டவிழ்வு.

குடியாத்தம் பக்கம் எங்கள் நிலத்தில் உழவு முடிந்ததும் அப்பா முதலில் மாட்டின் கழுத்தை நுகத்தடியோடு பூட்டும் பூட்டாங்கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துவார். மாடு கழுத்தை ஆட்டிக்கொள்ளும், ஆனால் நுகத்தடியை விட்டு நகர முடியாது. அப்புறம் முடிச்சை அவிழ்ப்பார், மாடு தானாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விடும். நமக்குச் சொல் வேண்டியிருப்பது இந்த இரண்டு நிலைகளுக்குத்தான். ஒரு நகரத்தின் பொருளாதாரம் 8 விழுக்காடு வளர்ந்து மின்நுகர்வு 5 விழுக்காடு வளர்ந்தது என்று வையுங்கள், கயிறு தளர்ந்திருக்கிறது, அவிழவில்லை. அதைப் 'பூட்டுத் தளர்வு' என்போம். ஒன்று ஏற மற்றது இறங்கினால்தான் 'முழு அவிழ்வு'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முன்னால் அடைமொழி போடுகிறார்கள், செய்தியில் அந்த அடைமொழி விழுந்துவிட்டால் தளர்ந்ததே அவிழ்ந்ததாகிவிடும். தமிழில் அந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பது என் ஆசை.

பூட்டு என்றால் கதவுப் பூட்டு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். கதவுப் பூட்டைத் திறப்போம், அவிழ்ப்பதில்லை. 'அவிழ்' என்று வந்தாலே கயிறு மனதில் வந்துவிடும். இன்னொரு வசதி, தானாக நடப்பது அவிழ்வு, அரசு திட்டமிட்டுச் செய்வது அவிழ்ப்பு.

சரி, எந்தக் கயிறு? இதை எழுதாமல் விட்டால் எந்தச் சொல்லும் பயனில்லை. வளர்ச்சிக்கும் எரிபொருளுக்கும் ஒரு கயிறு, எரிபொருளுக்கும் புகைக்கும் வேறொரு கயிறு. எங்கள் ராணிப்பேட்டை பெல் (BHEL) ஆலையில் அனல் மின் நிலையங்களுக்கு மின்நிலை வீழ்படிவி என்ற புகை வடிகட்டும் கருவியைச் செய்கிறார்கள். புகையில் வரும் சாம்பல் துகளுக்கு மின்னேற்றம் கொடுத்துத் தகட்டில் ஒட்டவைக்கும், சுத்தியல் தட்டத் தட்ட அந்தச் சாம்பல் கீழே கூம்புத் தொட்டியில் கொட்டும். நல்ல நிலையில் இருந்தால் 99 விழுக்காட்டுக்கு மேல் பிடித்துவிடும். ஆனால் நிலக்கரி ஒரு கிலோகூடக் குறைவதில்லை, கந்தக டைஆக்சைடும் கரியமில வாயுவும் புகைபோக்கி வழியே போய்க்கொண்டுதான் இருக்கும். அவிழ்ந்தது சாம்பலின் கயிறு மட்டுமே.

பெய்ஜிங்கில் நுண்துகள் பிஎம் 2.5 அளவு ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 2013ல் 89.5 மைக்ரோகிராம், 2021ல் 33. அதே காலத்தில் பொருளாதாரம் வளர்ந்தது. நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாறியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இது நுண்துகளில் முழு அவிழ்வு. அதற்காகக் காற்று சுத்தமாகிவிட்டது என்று பொருளில்லை, உலக சுகாதார நிறுவனம் 2021ல் பரிந்துரைத்த ஆண்டுச் சராசரி உச்ச அளவு 5 மைக்ரோகிராம்தான். ஆகவே வரையறையில் 'எதிலிருந்து எது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை' என்று கட்டாயம் சேர்க்க வேண்டும், வெறும் பூட்டவிழ்வு என்று மட்டும் எழுதக் கூடாது.

பிரிந்தவை மறுபடி சேர்வதற்கு 'மறுபூட்டு' என்று வைத்திருக்கிறேன், 'மீள்பூட்டு' நன்றாக இருக்கிறதா? அப்புறம், தஞ்சை, நெல்லைப் பக்க நண்பர்கள் சொல்லுங்கள், பூட்டாங்கயிறு என்ற சொல் உங்கள் ஊரிலும் புழங்குகிறதா, வேறு பெயர் உண்டா?

அன்புடன்,
காட்பாடியிலிருந்து