வால்டர் ஒயிட்டின் பக்கம் நாம் ஏன் நின்றோம்?

கேள்வி:
'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை இரண்டாம் முறையாகப் பார்த்து முடித்தேன். நுரையீரல் புற்றுநோய் வந்த வேதியியல் ஆசிரியர் ஒருவர், தமக்குப் பின் குடும்பம் தவிக்கக் கூடாதென்றே மெத் என்ற போதைப்பொருளைக் காய்ச்சுகிறார் என்று நம்பித்தான் முதல் முறை வால்டர் ஒயிட்டுக்குப் பரிந்துகொண்டிருந்தேன். ஆனால் ஐந்தாம் அத்தியாயத்திலேயே பழைய நண்பர் எலியட்டும் அவர் மனைவி கிரெட்சனும் சிகிச்சைச் செலவை ஏற்க முன்வருகிறார்கள். வீம்புக்காக வால்டர் மறுத்துவிடுகிறார். குடும்பம் என்ற சாக்கு அங்கேயே உடைந்துவிட்டது. அதன் பிறகும் மீதமுள்ள 57 அத்தியாயங்களை, அவர் பிடிபட்டுவிடக் கூடாதே என்ற பதைப்புடன்தான் பார்த்தேன். ஏன் அப்படி?

பதில் 1:
அவர் நல்லவர் என்பதால் நாம் அவர் பக்கம் நிற்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும் என்பதால் நிற்கிறோம். முதல் பருவத்தில், நிலவறையில் கட்டிப்போட்ட போதைப்பொருள் வியாபாரி கிரேஸி எய்ட்டை விடுவிக்க முடிவுசெய்து சாவியை எடுக்க மேலே வருகிறார். குப்பையில் கிடக்கும் உடைந்த தட்டின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறார். கத்தியைப் போன்ற ஒரு சில்லு மட்டும் இல்லை. அந்தச் சில்லு யார் கையில் இருக்கிறது என்பதை அவரோடு சேர்ந்து நாமும் அதே கணத்தில் புரிந்துகொள்கிறோம். அடுத்து நடக்கும் கொலைக்கு நாம் ஏற்கெனவே உடந்தை.

பதில் 2:
முந்தைய பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் அவமானத்தை விட்டுவிட்டீர்கள். சம்பளம் போதாமல் கார் கழுவும் நிலையத்தில் குனிந்து சக்கரம் துடைக்கும் ஆசிரியரைப் பார்த்து அவருடைய மாணவனே சிரிக்கிறான். அதைப் பார்த்த பிறகு, அவர் யாரையாவது மிரட்டும்போதெல்லாம் நமக்குள் ஒரு கணக்கு தீர்கிறது. இதற்கு அசிங்கமான மறுபக்கமும் உண்டு. கணவரைத் தடுக்க முயன்ற ஸ்கைலரை ரசிகர்கள் வெறுத்த வெறுப்பு, அந்தப் பாத்திரத்தில் நடித்த அன்னா கன் மீதே பாய்ந்தது. 2013-இல் அவரே இதைப் பற்றி 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் எழுத நேர்ந்தது. என் வீட்டில் தொடரைப் பார்த்தவர்களில் என் அம்மா மட்டும்தான் தொடக்கம் முதல் ஸ்கைலர் பக்கம் இருந்தார். அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

பதில் 1 (மீண்டும்):
அவமானத்தைப் பற்றிய உங்கள் கருத்தை ஏற்கிறேன். இருந்தாலும், எதை எப்போது காட்டுவது என்ற தேர்வில்தான் தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் குழுவின் சாமர்த்தியம் இருக்கிறது. நான்காம் பருவத்தின் முடிவில் எதிரியாகிவிட்ட போதைப்பொருள் முதலாளி கஸ் ஃபிரிங் ஒழிந்ததும் வால்டர் தொலைபேசியில் "நான் ஜெயித்துவிட்டேன்" என்கிறார். நாமும் மகிழ்ந்து முடித்த பிறகே, அவர் வீட்டுப் பின்புறத் தொட்டியில் நிற்கும் லில்லி செடி காட்டப்படுகிறது. வால்டரின் கூட்டாளி ஜெஸ்ஸியின் காதலியுடைய மகனான சிறுவன் பிராக்குக்கு விஷம் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் விளங்குகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் பருவத்தில் ஜெஸ்ஸியின் அப்போதைய காதலி ஜேன் மூச்சுத்திணறும்போது, உதவிக்கு நீண்ட கையை வால்டர் நிறுத்திக்கொள்கிறார். ஜெஸ்ஸியின் பங்கான 4,80,000 டாலருக்காக வால்டரை மிரட்டியவள் அவள். சாகப் போகிறாள் என்று தெரிந்த அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது அதிர்ச்சி அல்ல, நிம்மதி. அவராவது அங்கே நின்று அழுதார்.