ஈடுசெய் தெரிவு: இழப்பீடு என்றால் கொடுப்பது யார்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் அமெரிக்கக் கால்பந்துச் சொற்பட்டியலில் free agent, compensatory pick என்ற இரண்டுக்குமான தமிழ்ச் சொற்கள் மூன்று வாரமாக இழுபறியில் இருக்கின்றன. என் பங்குக்கு நானும் இழுக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது 'சுதந்திர முகவர்' (free agent), அதாவது ஒப்பந்தம் முடிந்து வேறு அணிக்குப் போகக்கூடிய ஆட்டக்காரர். பட்டியலில் இதைச் சேர்த்தவர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. முகவர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் காப்பீட்டுப் பத்திரத்தோடு வீட்டு வாசலில் நிற்பவர்தான். போதாக்குறைக்கு, என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) ஆட்டக்காரர்களுக்கு உண்மையிலேயே முகவர்கள் உண்டு; அவர்களுக்காகச் சம்பளம் பேசுவது அந்த முகவர்களின் வேலை. 'சுதந்திர முகவரின் முகவர் அணியோடு பேசினார்' என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அதற்கு மேல் அந்தச் செய்தியை யாரும் படிக்கமாட்டார்கள்.

நம் குழுமத்து ஐயா இதற்குக் 'கட்டற்ற ஆட்டக்காரர்' என்றார். கட்டற்ற மென்பொருள் என்று எழுதி எழுதிப் பழகிய கை நம்முடையது, அதனால் எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களில் இரண்டு வகை இருக்கிறது. நான்கு பருவமோ அதற்கு மேலோ ஆடியவர் எந்த அணிக்கும் போகலாம், தடுப்பார் இல்லை. மூன்று பருவம் மட்டும் ஆடியவருக்குப் பழைய அணி ஒரு தொகையை முன்வைத்துப் பிடி போட்டுக்கொள்ளலாம். வேறு அணி விலை சொன்னால், அதே விலையைக் கொடுத்து அவரைத் தக்கவைத்துக்கொள்ள ஐந்து நாள் அவகாசம் உண்டு. இந்த இரண்டாம் வகையினரை 'கட்டுள்ள கட்டற்ற ஆட்டக்காரர்' என்றா எழுதுவது?

'அற்ற' என்ற சொல்லுக்கு அளவு கிடையாது. இல்லை என்றால் இல்லைதான். 'அவிழ்தல்' அப்படியில்லை, முடிச்சு பாதி அவிழலாம், முழுதும் அவிழலாம். ஆகவே 'கட்டவிழ்ந்த ஆட்டக்காரர்' என்பது என் பரிந்துரை. மூன்று பருவக்காரர் பாதி கட்டவிழ்ந்தவர், நான்கு பருவக்காரர் முழுதும் கட்டவிழ்ந்தவர். ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சு நடுவில் தொடங்கும் அந்தப் பரபரப்பான நாட்களைக் 'கட்டவிழ் காலம்' எனலாம்.

அடுத்த சொல்லுக்குப் போகுமுன், அதில் வரும் pick என்பது 'தேர்வா, தெரிவா' என்ற சண்டை. தமிழ்நாட்டில் தேர்வு என்றால் பரீட்சை. 'முதல் சுற்றுத் தேர்வு' என்று எழுதினால் மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன 'தெரிவு' எனக்குச் சம்மதம். ஆண்டுதோறும் ஏழு சுற்றாக 32 அணிகளும் முறை வைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கின்றன; அப்படி எடுக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு தெரிவு. இங்கே அணிகள் விலை கேட்டுப் போட்டி போடுவதில்லை. ஆகவே 'ஏலம்' பொருந்தாது. (முறை வைத்து என்றதும் முறைப்பாசனம் நினைவுக்கு வருகிறது. வாய்க்காலில் தன் முறையை அடுத்த வயல்காரருக்கு மாற்றிக் கொடுப்பதுபோல, இந்த அணிகளும் தங்கள் முறையை விற்கின்றன, கைமாற்றுகின்றன. 'முறை' என்றே வைத்துவிடலாமா என்று ஓர் இரவு முழுக்க யோசித்தேன். 'தெரிவு முறை' என்றால் தெரிவு செய்யும் விதம் என்றாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.)

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். ஆட்டக்காரரை இழந்த அணிக்கு ஈடாகக் கிடைக்கும் தெரிவுக்குப் பட்டியலில் 'இழப்பீட்டுத் தெரிவு' என்று இருக்கிறது. இலக்கணப் பிழை இல்லை. பொருளில்தான் பிழை. இழப்பீடு என்ற சொல் தமிழில் தனியாக வருவதில்லை, கொடுப்பவரையும் கூட்டிக்கொண்டே வருகிறது. மோதிய பேருந்தின் நிறுவனம் கொடுக்கும், நிலம் எடுத்த அரசு கொடுக்கும். 'இழப்பீட்டுத் தெரிவு' என்று படிக்கும் வாசகர், ஆட்டக்காரரைக் கூட்டிக்கொண்டு போன அணி தன் தெரிவு ஒன்றைக் கொடுத்தது என்றுதான் நினைப்பார்.

அப்படியும் ஒரு காலம் இருந்தது. 1962இல் ஆர். சி. ஓவன்ஸ் என்ற ஆட்டக்காரர் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பால்டிமோர் கோல்ட்ஸ் அணிக்குப் போனார். மறு ஆண்டே லீக்கின் தலைமை நிர்வாகியான ஆணையர் பீட் ரோசெல் பெயரில் ஒரு விதி வந்தது: ஆளை எடுக்கும் அணி பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும், இரண்டும் ஒத்துவராவிட்டால் ஆணையரே தீர்ப்புச் சொல்வார். 1968இல் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் அணி டேவ் பார்க்ஸை எடுத்துக்கொண்டபோது, அந்த ஆண்டு முதல் சுற்றில் அது எடுத்திருந்த கெவின் ஹார்டியையும், அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தெரிவையும் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார் ரோசெல். ஒருவரை எடுக்கப்போய் இருவரைப் பறிகொடுத்த கதை. அதற்குப் பிறகு யார் துணிவார்கள்? 1963 முதல் 1974 வரை ஒப்பந்தக் காலத்தை ஆடி முடித்தவர்கள் 176 பேர். அவர்களில் வேறு அணிக்குப் போனவர்கள் 34 பேர்தான். ஆணையர் தீர்ப்புச் சொன்னது நான்கே முறை. மிச்சத்தைப் பயம் பார்த்துக்கொண்டது. ஜான் மேக்கி என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்றது.

அது இழப்பீடு. அச்சு அசலான இழப்பீடு.

1993இல் கட்டவிழ் காலம் முறையாகத் தொடங்கியபோது வந்தது வேறு ஏற்பாடு. அந்த ஆண்டுதான் ரெஜி வைட் 1.7 கோடி டாலருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் கிரீன் பே அணிக்குப் போனார். புது ஏற்பாட்டில் ஆளை எடுத்த அணி எதையும் இழப்பதில்லை. லீக் நிர்வாகமே மூன்றாம் சுற்று முதல் ஏழாம் சுற்று வரை, ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் புதிய இடங்களை உண்டாக்கி, இழந்த அணிகளுக்குக் கொடுக்கிறது. ஓர் அணிக்கு அதிகபட்சம் நான்கு, மொத்தம் 32. போனவர்களையும் வந்தவர்களையும் கழித்துப் பார்ப்பார்கள். மூவர் போய் ஒருவர் வந்தால், அந்த ஒருவருக்கு ஒருவர் அடிபட்டுப்போய் மிச்சம் இருவருக்குத்தான் ஈடு. எந்தச் சுற்றில் கிடைக்கும் என்பது போனவரின் புதுச் சம்பளம், அவர் களத்தில் நின்ற நேரம், பெற்ற விருதுகள் ஆகியவற்றைப் பொறுத்தது. அந்தச் சூத்திரத்தை லீக் வெளியிடுவதில்லை. பழைய அணியே கழற்றிவிட்ட ஆட்டக்காரர் இந்தக் கணக்கில் வரமாட்டார். பால்டிமோர் ரேவன்ஸ் இதை நன்றாகப் புரிந்துகொண்ட அணி: தன் ஆட்களைப் போகவிட்டு, பிறர் கழற்றிவிட்டவர்களை எடுத்துக்கொண்டு, தெரிவுகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தது.

இதற்கு நம் அலுவலகங்களிலேயே சொல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தவருக்கு வேறொரு நாள் கொடுக்கிறார்களே, ஈடுசெய் விடுப்பு! அந்த விடுப்புக்காகப் பக்கத்து மேசைக்காரரின் விடுப்பில் ஒரு நாளை யாரும் வெட்டுவதில்லை. நிர்வாகம் தன் கணக்கில் கொடுக்கிறது. அதே அச்சில் 'ஈடுசெய் தெரிவு'. லீக் கொடுப்பது ஈடுசெய் தெரிவு. ஆளை எடுத்த அணி கொடுப்பது இழப்பீட்டுத் தெரிவு. இரண்டாவது வகை இன்றும் ஒழிந்துவிடவில்லை. பாதி கட்டவிழ்ந்தவரை வேறு அணி எடுத்தால், பழைய அணி முன்வைத்த தொகையைப் பொறுத்து அதற்கு ஒரு தெரிவு போகலாம். இவரை விடமாட்டோம் என்று அணி ஓராண்டுக்கு முத்திரை (franchise tag) குத்தி வைத்தவரைப் பிறர் எடுத்தால் முதல் சுற்றுத் தெரிவு இரண்டைக் கொடுக்கவேண்டி வரும். இந்த வேறுபாடு ஆங்கிலத்தில் அவ்வளவு பளிச்சென்று தெரிவதில்லை, தமிழில் தெரியட்டுமே.

இதற்கு ஐயா நேற்றிரவு மூன்று வரியில் பதில் எழுதினார். அவர் அனுமதியோடு ஒட்டுகிறேன்:

"தம்பி, ஈடுசெய் தெரிவை ஏற்றுக்கொண்டேன். ஆனால் புதிய இடங்கள் நடுவில் நுழைந்தால் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் தள்ளிப்போகிறார்களே, அது அவர்களுக்கு இழப்பு இல்லையா? இன்னொன்று: கட்டவிழ்ப்பது மாட்டை. அந்த ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டதே எங்களை மாடாக நடத்தாதே என்றுதான்."

ஐயா, முதல் கேள்வி நியாயமானது. மூன்றாம் சுற்றின் முடிவில் எட்டு இடங்கள் சேர்ந்தால், நான்காம் சுற்றில் எல்லாருக்கும் எட்டு இடம் பின்னே தள்ளும். ஆனால் அந்தச் சுமை 32 அணிகள் மீதும் பரவுகிறது. ஆளை எடுத்த அணியை மட்டும் தனியே தண்டிப்பதில்லை. ரோசெல் காலத்துப் பயம் போனதற்குக் காரணமே அதுதான். பந்தியில் நாலு இலை கூடப் போட்டால் எல்லாரும் கொஞ்சம் நெருக்கி உட்கார்கிறோம், யாரையும் எழுப்பிவிடுவதில்லை.

இரண்டாவதற்கு: மாட்டை மட்டுமா அவிழ்க்கிறோம்? மொட்டும் கட்டவிழ்கிறது. கூந்தலும் கட்டவிழ்கிறது. சொல்லில் மாட்டுக்கொட்டகை வாசனை கொஞ்சம் இருந்தாலும் எனக்கு உறுத்தவில்லை. கட்டிவைத்திருந்தார்கள் என்ற உண்மையை அது மறைக்காமல் சொல்கிறது.

தெரிவின் கடைசி ஆளுக்கு என்ன பெயர் என்று அக்கா கேட்டிருந்தார். அமெரிக்காவில் அவரைக் கேலியாக 'பொருட்டில்லாதவர்' என்ற பொருளில் அழைத்து விழா எடுக்கிறார்கள். நம் தெருவில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்போம். அச்சாகப் பொருந்துகிறது, ஆனால் உடற்குறையைச் சொல்லும் சொல்லைப் பட்டியலில் ஏற்ற எனக்கு மனமில்லை. தவிர, 2022இல் 262ஆம் ஆளாக, கடைசியில் எடுக்கப்பட்ட பிராக் பர்டி, இரண்டே ஆண்டில் தன் அணியை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு இட்டுச்சென்றார். 'கடைத்தெரிவு' என்று மட்டும் வைப்போம்.

சொல் நிற்குமா என்று பார்க்க ஒரே வழி, செய்தி வாக்கியத்தில் போட்டுப் பார்ப்பதுதான். போட்டேன்:

"முழுதும் கட்டவிழ்ந்த லெவியான் பெல் 2019இல் நியூயார்க் ஜெட்ஸில் சேர்ந்தார். இதனால் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு 2020இல் மூன்றாம் சுற்றின் முடிவில் ஓர் ஈடுசெய் தெரிவு கிடைத்தது. அந்த 102ஆம் இடத்தில் அலெக்ஸ் ஹைஸ்மித்தை எடுத்தது அணி."

"2000ஆம் ஆண்டு ஆறாம் சுற்றில் தனக்குக் கிடைத்த ஈடுசெய் தெரிவில், 199ஆவதாக, டாம் பிரேடியை எடுத்தது நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ்."

இரண்டையும் வீட்டில் சத்தமாகப் படித்தேன். இந்த ஆட்டத்தை ஒரு நாளும் பார்த்திராத என் மனைவி, "ஈடு யார் கொடுத்தது?" என்று கேட்டாள். "லீக்" என்றேன். "அப்படியானால் ஜெட்ஸுக்கு நட்டமில்லை" என்றாள். மறுப்பு உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.