நிஜப் பணியைக் கொண்டு மாணவரை மதிப்பிடும்போது மதிப்பெண்ணின் நியாயத்தை எப்படிக் காப்பது?

வினா – புள்ளியியல் விரிவுரையாளர்

வணக்கம். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 60 பேருக்கு அடிப்படைப் புள்ளியியல் கற்பிக்கிறேன். சென்ற பருவத் தேர்வில் சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் ஆகியவற்றைக் கணக்கிடும் வினாக்களுக்குப் பெரும்பாலோர் பிழையின்றி விடை எழுதியிருந்தனர். தேர்வுக்குப் பின், 200 பேரின் வயதும் பயண நேரமும் அடங்கிய அட்டவணை ஒன்றைப் பயிற்சிக்காகக் கொடுத்தேன். அதில் ஒருவருடைய வயது 199 என்று பதிவாகியிருந்தது. 19 என்று தட்டச்சு செய்தவர் கை தவறி இன்னொரு 9-ஐச் சேர்த்திருக்கிறார். அந்த ஒரு பிழையால் சராசரி வயது 0.9 ஆண்டு கூடிவிடுகிறது. தேர்வில் மிக நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர் ஒருவர் 199-ஐயும் சேர்த்துக் கூட்டி, விடையை இரண்டு தசம இடங்கள் வரை எழுதி, அடியில் இரட்டைக் கோடும் இழுத்துக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்ணைச் சந்தேகிக்கத் தெரியுமா என்று எந்த வினாத்தாளிலும் நான் கேட்டதே இல்லை.

ஆகவே அகமதிப்பீட்டில் பாதியை மெய்ச்சூழல் மதிப்பீடாக, அதாவது துறையில் பணிபுரிபவர் செய்யும் வேலையையே மாணவரும் செய்து காட்டும் முறையாக, மாற்ற எண்ணுகிறேன். என்னுடன் இன்னொருவரும் விடைத்தாள் திருத்துவார். எங்கள் இருவரின் மதிப்பெண்ணும் ஒத்துப்போகுமா? எழுதித் தரும் மென்பொருள்கள் பெருகிவிட்ட நிலையில், வீட்டில் செய்து வரும் ஒப்படைப்பு யாருடைய உழைப்பு என்று எப்படி அறிவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 – செவிலியர் பயிற்சி ஆசிரியர்

தங்கள் கவலை எங்கள் துறையில் பழையது. 1975 இல் மருத்துவக் கல்வியாளர் ரொனால்ட் ஹார்டனும் உடன் பணியாற்றியோரும் மருத்துவ மாணவருக்கென அறிமுகப்படுத்திய 'ஆஸ்கி' (OSCE) என்னும் செய்முறைத் தேர்வு இதே சிக்கலிலிருந்து பிறந்தது. மாணவர் ஒவ்வொருவரும் வெவ்வேறு நோயாளியையும் வெவ்வேறு தேர்வாளரையும் சந்தித்த நிலையில், மதிப்பெண் திறமையைப் பொறுத்ததா, வாய்த்த நோயாளியைப் பொறுத்ததா என்று பிரித்தறிய முடியாமல் இருந்தது. ஆஸ்கியில் எல்லா மாணவரும் ஒரே வரிசையான நிலையங்களைக் கடந்து செல்வர். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள், ஒரு பணி, முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு மதிப்பெண் பட்டியல். 1990 இல் ஜார்ஜ் மில்லர் என்னும் மருத்துவக் கல்வியாளர் திறமையை மதிப்பிடுவதில் அறிதல், எப்படிச் செய்வதென்று அறிதல், செய்து காட்டுதல், பணியிடத்தில் செய்தல் என்று நான்கு படிகளைப் பிரித்துக் காட்டினார். ஆஸ்கி மூன்றாம் படியில்தான் நிற்கிறது. தங்கள் வகுப்பிலும் அதுவரை சென்றால் போதும் என்பது என் கருத்து. நான்காம் படியை வகுப்பறைக்குள் கொண்டுவர முயல்வோர் பெரும்பாலும் நாடகம் நடத்துவதில்தான் முடிக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. நோயாளியாக நடித்தவருக்கு இரத்த அழுத்தம் அளக்கும் நிலையத்தில், எங்கள் மாணவி ஒருவர் பட்டியலில் இருந்த ஒவ்வொரு படியையும் வழுவாமல் செய்து முழு மதிப்பெண் பெற்றார். ஆனால் எதிரில் இருந்தவரின் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டியல் நீள நீள இப்படித்தான் ஆகிறது. இப்போது படிகளைக் குறைத்துவிட்டு, முழுச் செயலையும் பார்த்து இடும் மதிப்பெண் ஒன்றையும் சேர்த்திருக்கிறோம்.

மறுமொழி 2 – தரவுப் பகுப்பாய்வு கற்பிப்பவர்

மெய்ச்சூழல் என்றவுடன் பலரும் வினாவுக்குக் கதை கட்டத் தொடங்குகிறார்கள். 'ஒரு வணிகர் பத்து நாள் விற்பனையைக் குறித்து வைத்திருக்கிறார், திட்ட விலக்கம் காண்க' என்பது பழைய வினாவுக்குப் போட்ட புதுச் சட்டை மட்டுமே. 2004 இல் குலிக்கர்ஸ், பாஸ்டியன்ஸ், கிர்ஷ்னர் ஆகிய கல்வி ஆய்வாளர்கள் மூவர் மெய்ச்சூழல் மதிப்பீட்டை ஐந்து கூறுகளாகப் பிரித்தனர்: பணி, அது நடக்கும் இடமும் கருவிகளும், உடன் பணிபுரிவோர், இறுதியில் கையளிக்கப்படும் பொருள், தரத்தின் அளவுகோல். என் அனுபவத்தில் முதலில் மாற்ற வேண்டியது கடைசி இரண்டைத்தான்.

நான் தரும் பணி இது. நூலகத்தின் ஓராண்டு இரவல் பதிவுகளைப் பெயர்கள் நீக்கிக் கொடுத்து, மாலையில் நூலகத்தை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கலாமா என்று நூலகருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொல்வேன். நூலகருக்குத் திட்ட விலக்கம் தேவையில்லை, ஒரு முடிவு தேவை. எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதும் தேவை. ஒரே நொடியில் நாற்பது நூல்கள் இரவல் போனதாகப் பதிவு இருந்தால், அதை மாணவர் என்ன செய்தார், ஏன் செய்தார் என்பதைக் கடிதத்தில் சொல்லியே ஆக வேண்டும். அளவுகோலில் நான்கு வரிகள்தாம்: தரவின் பிழைகளைக் கண்டது, பொருந்தும் கணக்கைத் தேர்ந்தது, கணக்கின் திருத்தம், முடிவை ஐயத்தோடு சேர்த்துச் சொன்ன விதம். இதை முதல் வாரத்திலேயே மாணவர் கையில் கொடுத்துவிடுவேன்.

இருவர் திருத்துவதைப் பற்றி: முதலில் ஐந்து கடிதங்களை இருவரும் தனித்தனியே திருத்திவிட்டு, வேறுபட்ட இடங்களில் அமர்ந்து பேசுங்கள். எங்கள் முதல் முயற்சியில் நான்காம் வரியில் மட்டும் ஓயாமல் முரண்பட்டோம். 'ஐயம்' என்பதை என்னுடன் திருத்தியவர் பணிவு என்று படித்திருந்தார், நான் பிழை வரம்பு என்று படித்திருந்தேன். அந்தச் சொல்லைத் திருத்தியதும் பெரும்பகுதி சிக்கல் தீர்ந்தது. யார் எழுதியது என்ற ஐயத்துக்கு, ஆளுக்கு ஐந்து நிமிட நேர்காணல் வைக்கிறேன். 60 பேருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். 'இந்த வரிசையை ஏன் நீக்கினீர்கள்?' என்று ஒரே கேள்விதான். தானே செய்தவர் உடனே பேசத் தொடங்கிவிடுவார்.

மறுமொழி 3 – தேர்வுக் குழு உறுப்பினர்

எழுத்துத் தேர்வை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். மதிப்பீட்டியல் அறிஞர் சாமுவேல் மெஸ்ஸிக் 1994 இல் செய்திறன் மதிப்பீட்டை, அதாவது செய்து காட்டுவதைக் கொண்டு மதிப்பிடுவதைப் பற்றி எழுதுகையில் இரண்டு ஆபத்துகளைச் சேர்த்தே பேசினார்: அளக்க வேண்டியதில் ஒரு பகுதி விடுபட்டுப் போவது ஒன்று, அளக்கத் தேவையில்லாத ஒன்று மதிப்பெண்ணுக்குள் நுழைந்துவிடுவது மற்றொன்று. தங்கள் பழைய தேர்வில் முதலாவது நேர்ந்தது. நூலகருக்கு எழுதும் கடிதத்திலோ, அழகாக எழுதத் தெரிந்தவர் புள்ளியியலில் பின்தங்கியிருந்தும் முந்திவிடுவார். மேலும், ஒரே பெரிய பணி பாடத்திட்டத்தின் ஒரு மூலையை மட்டுமே தொடும். அந்த மூலையில் தடுக்கியவருக்கு மறுவாய்ப்பு இல்லை. சிறு பணிகள் மூன்று வைப்பது மேல்.

வினா கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எழுத்துத் தேர்வைப் பாதியாக வைத்துக்கொண்டு, மீதிக்கு மூன்று சிறு பணிகளும் கடைசிப் பணிக்கு மட்டும் நேர்காணலும் வைக்க முடிவு செய்துள்ளேன். மொழிநடைக்கு மதிப்பெண் கிடையாது என்பதை அளவுகோலிலேயே எழுதிவிடுவேன். தரவில் மட்டும் வேறு பிழைகளைத் தேடி வைக்க வேண்டியிருக்கிறது. அந்த 199 பற்றி மூத்த மாணவர்கள் இளையவர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார்களாம்.