மறு: ஸ்டிஷ்ஃபோர்லாகெ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். இசைத்தாளை உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட காலத்தில், செதுக்கியவர் பார்த்துச் செதுக்கிய படிக்கு ஜெர்மனில் ஸ்டிஷ்ஃபோர்லாகெ (Stichvorlage) என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் நீங்கள் எழுதியவற்றை மேற்கோளாகத் தந்து பதில் சொல்கிறேன்.

> “அச்சுமூலம்” என்றே வைத்துக்கொள்ளலாமே? பார்த்ததும் புரிகிறது.

புரிகிறதுதான், ஆனால் வாக்கியத்துக்குள் போட்டால் இடிக்கிறது. “இந்தப் பிழையை அச்சுமூலம் அறியலாம்” என்று எழுதினால், மூலம் அங்கே பெயர்ச்சொல்லா, ‘வழியாக’ என்ற பொருளில் வருவதா? இதையாவது சமாளிக்கலாம். பெரிய தொந்தரவு வேறு. “மூலமும் உரையும்” என்று படித்து வளர்ந்த நமக்கு, மூலம் என்றாலே ஆசிரியர் எழுதியது. ஜெர்மன் சொல் அதைச் சொல்லவில்லை. தகட்டில் செதுக்கியவர் எதைப் பார்த்துச் செதுக்கினாரோ, அது. எழுதியது யாராகவும் இருக்கலாம்.

இசையமைப்பாளர் ஷோப்பானின் பிரெலூடுகளை (சிறு பியானோ உருப்படிகள், ஓபஸ் அதாவது படைப்பெண் 28) எடுத்துக்கொள்வோம். 1839 ஜனவரியில் மயோர்க்காத் தீவிலிருந்து தன் கையெழுத்துப்படியைப் பாரிஸிலிருந்த நண்பர் ஃபொந்தானாவுக்கு அனுப்புகிறார்: நகல் எடு, நகலை ஜெர்மனியின் லைப்சிக் நகரப் பதிப்பாளரின் ஆளிடம் கொடு, கையெழுத்துப்படியைப் பாரிஸில் வெளியிடும் உரிமை வாங்கிய பிளெயெலிடம் கொடு என்று கடிதம். ஆக, பாரிஸ் பதிப்பைச் செதுக்கியவர் முன் இருந்தது ஷோப்பானின் கை. லைப்சிக்கில் இருந்தது ஃபொந்தானாவின் கை. லண்டன் பதிப்போ பாரிஸ் பதிப்பைப் பார்த்தே செய்தது. நாடு கடந்து செல்லும் பதிப்புரிமை அன்று இல்லாததால் மூன்று நகரங்களிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளியிட வேண்டிய கட்டாயம் ஷோப்பானுக்கு. நமக்குக் கிடைத்தது மூன்று முதற்பதிப்புகள், மூன்றுக்கும் முன்னால் மூன்று வெவ்வேறு வகைப் படிகள். இவை மூன்றுக்கும் பொருந்துகிற ஒரே பெயர்தான் நாம் தேடுவது. “மூலம்” முதலாவதற்கு மட்டுமே பொருந்தும்.

அதனால் என் பரிந்துரை செதுக்குப்படி. கையால் எழுதியதும் படி, அச்சிட்டதும் படி. தன்கைப்படி, நகற்படி, மெய்ப்புப்படி, மாணவர்படி என்று வரிசையும் அமைந்துவிடும். (மாணவர்படி தேவைப்படும். ஜேன் ஸ்டெர்லிங் போன்ற மாணவிகளின் அச்சுப் புத்தகங்களில் ஷோப்பான் பென்சிலால் போட்ட திருத்தங்களைத் தனி ஆதாரமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.) பாடம், அதாவது ஓரிடத்தில் எழுதியிருப்பது, படிக்குப் படி மாறுவதற்குப் புதுச்சொல் வேண்டவே வேண்டாம். உ.வே.சா. பதிப்புகளின் அடிக்குறிப்பில் “பி-ம்.” என்று வருகிற பிரதிபேதம் இருக்கிறது, பாடபேதமும் இருக்கிறது.

> செதுக்குப்படியா, செதுக்குபடியா? வினைத்தொகையில் வலி மிகாது.

எதிர்பார்த்தேன்! வினைத்தொகையாகக் கொண்டால் மிகாது, சரி. ஆனால் “செதுக்குபடி” என்று எழுதினால் “செதுக்கும்படி” என்பதன் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். செதுக்கு என்பதை முதனிலைத் தொழிற்பெயராக (வினையடியே பெயராக நிற்பது) கொள்ளுங்கள்: செதுக்குக்கு ஆன படி. சட்டைத்துணி மாதிரி ஒற்று மிகும்.

> செதுக்கிக் கிடைத்த படி என்று யாராவது எடுத்துக்கொண்டால்?

அது “செதுக்கிய படி” ஆகிவிடும். தவிர, அச்சிட்ட தாளைச் செதுக்கியதாக யாரும் சொல்வதில்லை. செதுக்குவது தகட்டை. வலம் இடமாகத் திருப்பி, சுரக்குறிகளின் தலைகளை முளை (முத்திரைக் கம்பி) வைத்துச் சுத்தியலால் தட்டி, வளைகோடுகளை உளியால் இழுப்பார்கள். “பொறிப்புப்படி” என்று முன்பு ஒருவர் சொன்னதும் தவறில்லை. பொறி என்றதும் இயந்திரம் நினைவுக்கு வருகிறதே என்றுதான் தயக்கம்.

இந்தச் சொல் பயன்படும் இடம் ஒன்று. ஓபஸ் 35 சொனாட்டாவின் முதல் பகுதியில், மெதுவான நான்கு அளவுகள் (தாளக் கட்டங்கள்) முடிந்து வேகம் பிடிக்கும் இடத்தில், லைப்சிக் பதிப்பு (1840) ‘இங்கிருந்து திரும்ப வாசி’ என்னும் மீள்குறிப் புள்ளிகள் போட்டிருக்கிறது. பாரிஸ் பதிப்பில் அவை இல்லை. புள்ளி இருந்தால் வேகப் பகுதியிலிருந்து திரும்ப வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் அளவிலிருந்தே. லைப்சிக் பாடம் பிழை என்று பியானோ கலைஞரும் இசை ஆய்வாளருமான சார்லஸ் ரோசன் வாதிட்டார். இதில் வழக்குத் தீர்க்கப் புறப்படுபவர் முதலில் கேட்க வேண்டியது லைப்சிக்கின் செதுக்குப்படி எது என்பதைத்தான். ஷோப்பானின் மாணவர் குட்மன் எழுதிய நகல் அது. “லைப்சிக் மூலத்தில் இப்படி இருக்கிறது” என்று எழுதிவிட்டால், அது ஷோப்பானின் கை என்று வாசகர் எண்ணிக்கொள்வார்.

ஒரு படி செதுக்குப்படிதானா என்று கண்டுபிடிப்பதும் சுவையான வேலை. வரியும் பக்கமும் எங்கே முடிய வேண்டும் என்று செதுக்குபவர் ஓரத்தில் எண்களும் கோடுகளும் போட்டிருப்பார். அவை அச்சுப் பக்கத்தோடு ஒத்துப்போனால் ஆள் அகப்பட்டுவிடுவார்.

அப்புறம், பக்கத்தின் அடியில் வரும், பதிப்பாளர் தகட்டுக்கு இட்ட எண்ணுக்குத் “தகட்டெண்” என்பதில் யாருக்கும் மறுப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தகட்டின் பின்புறம் தட்டிச் சமன் செய்து, திருத்தி, அதே எண்ணோடு மறுபடி அச்சிடுவார்கள். அட்டையும் எண்ணும் ஒன்று, உள்ளே சுரம் வேறு. “மறுபதிப்பு” என்றால் புதிதாகக் கோத்தது போலிருக்கிறது. “திருத்தச்சு” எனக்குத் தோன்றியது, வாயில் அவ்வளவாக நுழையவில்லை. வேறு யோசனை இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.